மூன்று சுற்று

9 ஜூன் 2024, ஞாயிறு

கோயில் முடிந்து வந்து பாறை மீன் குழம்பு. சாப்பிட்டதும் வழக்கம்போல ரெக்கார்டை எடுத்தேன். இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு. தொடக்கத்தில் தங்கதுரை சிம்பலில் குச்சியை லேசாக வைப்பான். ஓட்டு வீட்டில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். நாலு எண்ணுவதற்குள் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து வந்துவிடுவார்கள்.

இன்று தூறல் இல்லை. நேராக மற்றவர்கள் வந்தார்கள்.

முள்ளில் தூசியோ என்று துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இல்லை. இன்னொரு தடவை. இல்லை. அடுப்படியிலிருந்து கிருபா என்னவோ சொன்னாள், கிட்டப் போய்க் கேட்டேன். "ஒங்கள மாதிரி அந்தத் தட்டுக்கும் வயசாயிட்டு" என்றாள். அப்படித்தான் இருக்க வேண்டும். தேய்ந்திருக்கும்.

(தங்கதுரை என்று நான் எழுதுவது அட்டைப் படத்தில் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரனை. அசல் தங்கதுரை உடன்குடிக்காரன், துறைமுகத்தில் முப்பது வருஷம் நான் கை காட்ட, சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவன். படத்தில் பதினாறு பேர், எங்கள் கேங்கிலும் பதினாறு பேர். அந்த ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையாததால் எல்லாருக்கும் எங்கள் ஆட்கள் பெயரையே வைத்துவிட்டேன். டிராம்போன் சிலுவை. முதல் டிரம்பெட் செந்தூர்வேல். நின்றுகொண்டே பெரிய வயலினை விரலால் சுண்டுகிறவன் செல்வதுரை. நடுவில் கையைத் தூக்கி நிற்கிற பேண்ட் தலைவர் மட்டும் நான். கப்பலில் என் வேலையும் அதுதானே.)

12 ஜூன், புதன்

மகள் ஜெபிஷாவிடம் போனில் கேட்டேன். பாட்டை எதிலோ தேடி, அதே பாட்டு, கீறலே இல்லாமல் அனுப்பியிருக்கிறாள். அதிலும் தூறல் இல்லை.

அப்படியானால் தட்டு இல்லை. நான்தான்.

23 ஜூன், ஞாயிறு

ஆராதனையில் மூன்றாவது பாட்டின்போது பெண்கள் பக்கத்திலிருந்து கிருபா மடியில் கையை மூடிக் காட்டினாள். மூடிய கை என்றால் "நிறுத்து". நான் மற்றவர்களைவிட ஒரு வரி பின்தங்கி, சத்தமாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தச் சைகைகளைக் கல்யாணமான வருஷம் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். சுட்டுவிரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் இறக்கு. விரல் நுனிகளைச் சேர்த்துக் காட்டினால் மெள்ள. முப்பத்தெட்டு வருஷம் கப்பலில் எனக்கு இதுதான் பேச்சு. வின்ச்காரனுக்குக் கீழே சரக்கறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது, சத்தத்தில் எதுவும் கேட்கவும் கேட்காது. விளிம்பில் நிற்கிற சிக்னல்காரன் கையை மட்டும்தான் பார்ப்பான். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் இது உதவியாகப் போயிற்று. பிரசங்கம் நீண்டால் "மெள்ள இறக்கு" என்று பாதிரியாரைப் பார்த்துக் காட்டுவாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவேன்.

இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5 ஜூலை, வெள்ளி

டாக்டரம்மா சின்ன வயசு. காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போது பட்டனை அமுக்குங்கள் என்று உட்காரவைத்தார். நான் அமுக்கியதைவிட அமுக்காமல் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். காகிதத்தில் கோடு மலையிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கிக் கிடந்தது. இடது காது போய்ப் பல வருஷம். வலது காதும் இப்போது அதே வழி.

மேல் சத்தம் முதலில் போகும், அடிச் சத்தம் கடைசியில் போகும் என்றார். பொம்பளைப் பிள்ளைகள் குரல், குருவிச் சத்தம், குக்கர் விசில் என்று வரிசை சொன்னார். நான் மனசுக்குள் வேறு வரிசை போட்டேன். தங்கதுரையின் சிம்பல். பிறகு செந்தூர்வேல். பிறகு சாக்ஸ்காரர்கள். சிலுவை. கடைசி ஆள் செல்வதுரை.

வீட்டில் ஒன்றும் பயமில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பினாளா தெரியவில்லை.

21 ஜூலை, ஞாயிறு

செந்தூர்வேல் இன்று தூரத்தில் கேட்டான். பழையகாயல் ரோட்டில் நின்று ஊதுகிற மாதிரி.

தட்டு என்னிடம் வந்த கதையை எழுதிவைக்கத் தோன்றுகிறது. எண்பத்து மூன்றில், மரத்தடி இறக்குகிற கப்பல். மதியம் வின்ச் எல்லாம் நிற்கிற நேரத்தில் கப்பலின் சாப்பாட்டு அறையிலிருந்து இந்தப் பாட்டு வரும். பதினாறு பேர் ஒரே தூக்காகத் தூக்குகிறார்கள், ஒருத்தன் கூடப் பிந்தவில்லை, அதிலும் சந்தோஷமாகத் தூக்குகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இசை என்றே நான் நினைக்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கேட்டேன். மூன்றாம் நாள் கட்டுக் கயிறு நழுவி மரம் சாய, அதற்கு நேர் கீழே அந்தக் கப்பல் சமையல்காரர் நின்றார். கையை மூடிக் காட்டினேன். தங்கதுரை அந்த நொடியே நிறுத்தினான். மறுநாள் அவர் இந்த ரெக்கார்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். நான் கேட்டுக்கொண்டு நின்றதை அவர் பார்த்திருக்கிறார். போட்டுக் கேட்க என்னிடம் பெட்டி கிடையாது. நாசரேத்தில் மிஷன் பள்ளியில் கழித்துப்போட்ட ஒன்றை வாங்கிச் சரிசெய்ய ஒரு வருஷம் ஆயிற்று.

கீறல் வந்தது எண்பத்தேழில். கிருபா சாத்தான்குளத்திலிருந்து வந்த புதுசு. தட்டில் தூசியாக இருக்கிறதே என்று சபீனா போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். அவள் வீட்டில் எந்தத் தட்டையும் அப்படித்தான் சுத்தம் செய்வார்கள். நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது பளபளவென்று இருந்தது. அதைக் காட்ட அவளுக்கு அவ்வளவு பெருமை.

நல்லவேளை ஒரே ஒரு கீறல்தான் ஆழம். மூன்றாம் பாட்டில் செந்தூர்வேல் மேலே மேலே ஏறுகிற இடத்தில் முள் சிக்கி, ஏறினதையே திரும்ப ஏறும். விரலால் தட்டிவிட்டால்தான் நகரும். நான் அவளோடு மூன்று நாள் பேசவில்லை. பிறகு பேசினேன், ஆனால் முள் சிக்கினால் உடனே தட்ட மாட்டேன். மூன்று சுற்று விடுவேன். அடுப்படியில் அவளுக்குக் கேட்கட்டும் என்று.

எத்தனையோ வருஷத்துக்கு முன்னே கோபம் போய்விட்டது. மூன்று சுற்று மட்டும் போகவில்லை. இப்போதெல்லாம் எனக்கு அந்த இடம் மூன்று தடவை ஏறினால்தான் பாட்டு மாதிரி இருக்கிறது. ஜெபிஷா அனுப்பியதில் ஒரே தடவையில் போய்விடுகிறது, வாசல்வரை வந்துவிட்டு உட்காராமல் போகிற ஆளைப்போல.

அவள் அன்றைக்குப் பிறகு தட்டைத் தொட்டதில்லை. பெட்டியைக்கூட நான் இல்லாமல் துடைக்க மாட்டாள். போன டிசம்பர் வெள்ளத்தில் மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நான் முதலில் ரெக்கார்டைத்தான் பீரோ மேலே ஏற்றினேன். "ரேஷன் கார்டு நனைஞ்சிட்டு, தட்டு தப்பிச்சிட்டு" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

5 ஆகஸ்ட், திங்கள்

மாதா கோயில் திருவிழா. அசல் தங்கதுரை கருப்பட்டியோடு வந்தான். அவனோடு தேர்க்கூட்டத்தில் நின்றேன். பேண்டுக்காரர்கள் கன்னம் உப்ப ஊதிக்கொண்டு போனார்கள். பெரிய மேளம் நெஞ்சில் இடித்தது. மற்றது எல்லாம் வெறும் கன்னம்.

அவனிடம் மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கிருபா மதினிகிட்ட சொல்லுல. அவளுக்குத் தெரியாம நீ எப்பிடி இருப்ப?"

சொல்லவில்லை.

25 ஆகஸ்ட், ஞாயிறு

காது மிஷின் வந்துவிட்டது. தங்கதுரை சொல்லியிருப்பான், ஜெபிஷா அனுப்பினாள். பிறகு எதை மறைப்பது. கிருபா "தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

பேச்சு கொஞ்சம் பரவாயில்லை. பாட்டுக்கு உதவாது. பதினாறு பேரையும் தகர டப்பாவில் ஆணியோடு போட்டுக் குலுக்கியது மாதிரி இருக்கிறது. கழற்றிவைத்துவிட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, சத்தத்தை முழுதாகத் திருப்பி, வலது காதை ஒட்டிவைத்துக்கொண்டால் சிலுவை கேட்கிறான், செல்வதுரை கேட்கிறான். அது போதும் எனக்கு. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பாவம்.

15 செப்டம்பர், ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மதியம் ரெக்கார்ட் போட்டுக் காதை ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். இரண்டு பக்கமும் கேட்டேன். மறுபடி முதல் பக்கம். அவள் பின்னால் துவைக்கிற கல் பக்கத்தில் பாசியில் வழுக்கி விழுந்து, கை அடியில் மாட்டி, எழுந்திருக்க முடியாமல் கூப்பிட்டிருக்கிறாள். என் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிடாதவள். எஸ்றா, எஸ்றா என்று கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு உமாராணி சுவர் ஏறிக் குதித்து வந்து, அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, வீட்டுக்குள் வந்து என் தோளைத் தட்டினாள். நான் உமாராணியைப் பார்த்துச் சிரிச்சேன். சிரிச்சேன்! பாட்டு கேக்க வந்துருக்கான்னு நெனச்சிட்டேன்.

வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு ஆறு வாரம்.

எவ்வளவு நேரம் கூப்பிட்டே என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். உமாராணி சொன்னாள், முக்கால் மணி நேரம் இருக்கும் என்று.

16 செப்டம்பர், திங்கள்

அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். கோணலாக வந்தது. அப்படியே இருக்கட்டும் என்றாள்.

18 செப்டம்பர், புதன்

ரெக்கார்டை உறையில் போட்டு, துணியில் சுற்றி, பீரோ மேலே வைத்துவிட்டேன். பெட்டியின் மேல் மிக்ஸி உறையைப் போட்டு மூடிவிட்டேன். இனிமேல் வேண்டாம். என் பெயர் கேட்காத காதுக்குப் பாட்டு எதற்கு?

13 அக்டோபர், ஞாயிறு

சாப்பாட்டுக்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேப்பரை இரண்டாம் தடவை படித்தேன். அவள் "போடலியா?" என்றாள். காது கேட்கவில்லை என்கிற மாதிரி இருந்துவிட்டேன். இப்போது அது ஒரு சௌகரியம்.

19 நவம்பர், செவ்வாய்

காலையில் எழுந்தேன். மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. கரண்ட் குறைவோ என்று நினைத்தேன். கிருபா வாயை அசைத்தாள். மறுபடியும் அசைத்தாள். பிறகு அவள் முகம் மாறினது.

24 நவம்பர், ஞாயிறு

மாத்திரை ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்கள். சில பேருக்குத் திரும்புமாம்.

ஆராதனைக்குப் போகவில்லை. போய் எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருக்கவா?

3 டிசம்பர், செவ்வாய்

திரும்பவில்லை.

ஜெபிஷா பள்ளிக்கூடத்தில் எழுதின சிலேட்டைக் கிருபா எங்கிருந்தோ எடுத்துவந்திருக்கிறாள். கட்டுப் பிரித்த கையால் மெதுவாக எழுதுகிறாள். "இட்லியா தோசையா". நான் தோசை என்றேன். கத்தியிருப்பேன் போல, கையைக் கவிழ்த்து அமுக்கிக் காட்டினாள்.

8 டிசம்பர், ஞாயிறு

அவள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போன பிறகு ரெக்கார்டை இறக்கினேன். சத்தியத்தை மீறினேன் என்றால் மீறினேன்தான். ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை.

செல்வதுரை இருந்தான்! விரல் எலும்பில் தும் தும் என்று வந்தான். கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு முழுக்க எனக்கு மனப்பாடம், மேலே மற்றவர்களை நானே வைத்துக்கொண்டேன். தூறல், செந்தூர்வேல், சிலுவை, எல்லாரும் வந்தார்கள். இவ்வளவு சந்தோஷமாக இருந்து பல மாசம். மூன்றாம் பாட்டு முடிந்து நாலாவதும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது கிருபா வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பின்னால் தெருவில் உமாராணியும் இன்னும் இரண்டு பேரும். அவள் பெட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. முள் நகரவேயில்லை. கீறலிலேயே நின்றது.

எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரமாவது இருக்கும். தெரு முழுக்க அந்த ஒரே இடத்தைக் கேட்டிருக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து, என்னிடம் இல்லாத ஒரு பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அணைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போதும் எஸ்றா, போதும்.

25 டிசம்பர், புதன்

ஜெபிஷாவும் மருமகன் ஷாமும் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். கோயிலில் பாட்டுப் புத்தகத்தில் ஜெபிஷா விரலால் வரியைக் காட்டிக்கொண்டே வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

27 டிசம்பர், வெள்ளி

ஷாமுக்கு இந்தப் பழைய ரெக்கார்டுகள் பிடிக்கும். வீட்டில் நல்ல பெட்டி வைத்திருக்கிறார். எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். வேண்டாம் மாமா என்று கையெடுத்துக் கும்பிட்டார். கேட்கிற காது இருக்கிற வீட்டில் இருக்கட்டும் என்றேன். கிருபா அடுப்படிக்குப் போய்விட்டாள். நானே துணிப்பையில் வைத்து, கார் பின் சீட்டில் கொண்டு வைத்தேன்.

28 டிசம்பர், சனி

காலை ஆறு மணிக்குப் போனார்கள். கார் முனை திரும்புகிறவரை நின்றேன். பிள்ளை போனதற்கு அழுகிறேன் என்று உமாராணி நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

29 டிசம்பர், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தால் பெட்டியின் மிக்ஸி உறையைக் காணோம். பக்கத்தில் துணிப்பை. நேற்று விடியுமுன்பே காரிலிருந்து எடுத்துவிட்டாளாம், ஷாமுக்கும் தெரியுமாம். கிருபா தட்டை உறையிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். ஓரத்தை மட்டும், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில், நான் பிடிக்கிற மாதிரியே பிடித்து. முப்பத்தேழு வருஷத்தில் முதல் தடவை தொடுகிறாள்.

வேண்டாம் கிருபா, தெரு சிரிக்கும் என்றேன். கையை மூடிக் காட்டினாள். நிறுத்து.

என்னை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே அட்டைப் படத்தைச் சுவரில் சாய்த்தாள். முள்ளை இரண்டாம் பக்கத்தில், மூன்றாம் பாட்டு தொடங்குகிற இடத்தில் வைத்தாள். எப்படித் தெரியும் இவளுக்கு அந்த இடம்? பிறகு எனக்கு நேராக வந்து நின்றாள், கப்பலில் சரக்கறை விளிம்பில் நான் நிற்கிற மாதிரி.

விரல் நுனிகளைச் சேர்த்தாள். மெள்ள. படத்தில் தங்கதுரையைக் காட்டினாள். விரல்களைத் தூறல் மாதிரி உதிர்த்தாள். நாலு எண்ணினேன். நாலில் இரண்டு கையையும் விரித்தாள், எல்லாரும் வந்தார்கள். சிலுவையைக் காட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தாள், இறக்கு, இறக்கு. சாக்ஸ்காரர்களைக் காட்டி மெள்ளத் தூக்கு. ஒரு இடம் தப்பவில்லை. முறிந்து கூடின மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது, தூக்கு என்று அவள் விரல் சுற்றுவது கோணலாகத்தான் வருகிறது. அந்தக் கோணலிலும் தாளம் பிசகவில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவினவள் இத்தனை வருஷமும் இதைத்தான் கேட்டிருக்கிறாள். நான் ஒருநாளும் உள்ளே வந்து உட்கார் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதே இல்ல நான்.

செந்தூர்வேல் ஏறத் தொடங்கினான். அவள் விரல் மேலே மேலே போனது. உச்சியில் நின்றது. கீழே இறங்கி, மறுபடி ஏறினது. முள் சிக்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. தட்டிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. ஒரு விரலைக் காட்டினாள். மறுபடி ஏற்றினாள், இரண்டு விரல். மறுபடி ஏற்றினாள். மூன்று.

அப்புறம் குனிந்து, சுட்டுவிரலால் முள்ளை லேசாகத் தட்டினாள்.

பாட்டு முடிந்த பிறகு நான் கேட்டேன், என் குரல் எனக்கே கேட்காமல். மூணு சுத்து எதுக்குன்னு ஒனக்குத் தெரியுமாளா? அது மொதல்ல ஒன் மேல கோவத்துல விட்டது. இதை எண்பத்தேழிலிருந்து இன்றுவரை நான் அவளிடம் சொன்னதில்லை.

சிலேட்டை எடுத்துக் கோணல் எழுத்தில் எழுதினாள். "தெரியும். நாலாவது சுத்து ஒருநாளும் விட்டதில்ல நீங்க."

5 ஜனவரி 2025, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் காட்டக் காட்ட, இரண்டு பாட்டு நானும் பாடினேன். மதியம் விளமீன் குழம்பு. சாப்பிட்டதும் அவளை அடுப்படிக்குப் போகவிடாமல் பாத்திரத்தை நான் கழுவினேன். பிறகு இரண்டாம் பக்கம் முழுதும் பார்த்தேன்.